எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி

...சகோதரியாம், தாலி கட்டின பொண்டாட்டியைப் பிடிச்சு சகோதரி ஆக்கிட்டான், மூணு வருஷமா லீவுக்கு வர்றப்பெல்லாம் கூடச் சாப்பிட்டு எழுந்தவ, மைக்கைக் கண்டதும் யாரோ ஒரு சகோதரி, எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி எல்லையிலே காவல் நின்றாள் நடுவர் அவர்களே... அந்த 'நடுவர் அவர்களே'வை இழுத்தானே ஒரு இழுப்பு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மொத்தமும் சேர்ந்துகூட அதை அமுக்க முடியலை. கலைப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், கம்பி சுட்டது, மார்ச் மாத வெயிலுக்கே இப்படி, ஆனாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை. விழுப்புரம் பஸ் மூன்றரைக்குக் கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் இவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து போக வேண்டும், எழுந்து வேறு சீட்டுக்குப் போனால் இன்னா கலை ஒடம்பு சரியில்லையா என்பான், அக்கறையாகத்தான் கேட்பான், அதுதான் பேஜாரு. வெற்றிச்செல்வன் மடியில் இரண்டு பொன்னாடை, ஒன்று அவனுக்குப் போர்த்தியது, ஒன்று அவளுக்குப் போர்த்தியது, ரெண்டையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கினு வர்றான், கைதட்டல் வாங்கின நாளெல்லாம் இவனுக்கு வாய் சும்மா இருக்காது. போனில் மணி மூன்று நாற்பது. ஐந்துக்குள்ளே பேர் கொடுக்கணும், இல்லை விட்டுடணும், பட்டாளத்துக் கம்பெனி கிளார்க் காலையிலேயே இரண்டாம் தடவையும் மெசேஜ் போட்டுவிட்டார்.

கல்லூரியில் மகளிர் தின விழா, பட்டிமன்றம், தலைப்பு போர்முனையில் பெண்கள், பெருமையா பேதைமையா, பேனரில் நடுவர் படம் பெரிதாக, இவன் படம் கொஞ்சம் சின்னதாக. விழுப்புரத்தில் தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியார், சனி ஞாயிறு ஆனால் பேச்சாளர், கோயில் திருவிழாவில் பேசுவான், கல்யாண மண்டபத்தில் பேசுவான், கூப்பிட்ட இடத்தில் பேசுவான். நீயும் வா கலை, லீவுலதானே இருக்கே, என்று கூட்டிக்கொண்டு போனான். முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். விழாவை நடத்தின பேராசிரியர் ராஜசேகர் மைக்கைப் பிடித்து, நமது பேச்சாளரின் துணைவியார் ஏழு வருஷமா பஞ்சாப் எல்லையில் துப்பாக்கி ஏந்தி நிற்கிற வீராங்கனை, எழுந்து நில்லுங்கம்மா என்றார், எழுந்து நின்றாள், பொண்ணுங்க விசில் அடிச்சாங்க, பொன்னாடை போர்த்தினாங்க, மேடையிலிருந்த நடுவர் கையெடுத்துக் கும்பிட்டார். அரை மணி நேரம் கழித்து இவன் எழுந்தான், பேதைமை அணி. குடுத்த அணி கலை, எதைக் குடுத்தாலும் பேசியாகணும், என்று முந்தின நாளே சொல்லித்தான் வைத்திருந்தான், அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பட்டிமன்றம் என்றால் அப்படித்தானே, போன மாசம் கூட்டுக்குடும்பமே நல்லது என்று பேசினவன் இந்த மாசம் தனிக்குடித்தனமே நல்லது என்பான், ரெண்டு ஊரிலும் கைதட்டுவார்கள். தாய்மை என்பான், மென்மை என்பான், பேசிட்டுப் போகட்டும் என்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்... எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி என்று ஆரம்பித்தபோதுகூட யாரோ என்றுதான் நினைத்தாள், பனி என்றான், வேலி என்றான், அப்போதுதான் அந்தச் சகோதரி தான்தான் என்று புரிந்தது. சத்தம் கேட்கிறது, துப்பாக்கி கையில் இருக்கிறது, வந்தது எதிரியா, இல்லை நடுவர் அவர்களே, வந்தது ஒரு மான்... ஒரு மூச்சு நிறுத்தினான்... பனியிலே மான் நனையவில்லை, மங்கை நனைந்துவிட்டாள், எதனாலே என்பதை நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் சிரித்தார்கள். சிரிச்சுக்கினே திரும்பி முதல் வரிசையைப் பார்த்தார்கள்.

அவன் சொன்னது நடந்ததுதான், பொய் இல்லை, பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னால். அதுவரைக்கும் வேலிக் கேட்டில்தான் வேலை, வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற பொம்பளைங்க காலையில் போகும்போதும் சாயந்திரம் வரும்போதும் சோதனை போட்டு அனுப்புவது, அப்புறம்தான் ஆம்பளைங்களைப் போலவே வேலியோரம் காவலுக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணி, நீட்டின கையில் விரல் தெரியாத பனி. வேலியில் ஏதோ உரசுது, மூச்சு விடுது, பெரிய மூச்சு... நில், யார் என்று இந்தியில் கத்த வேண்டும், பயிற்சியில் நூறு தடவை கத்தினது, வாய் திறந்தது, சத்தம் வரலை. கால் வழியாகச் சூடாக இறங்கினது என்னவென்றே முதலில் புரியவில்லை. அப்புறம் சத்தம் வந்தது, கத்தினாள், துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினாள், பனியை விலக்கிக்கொண்டு வந்து நின்றது மாடு உயரத்துக்கு ஒரு மான், நீல்காய் என்பார்கள் அங்கே. சுடலை, ஓடலை, யாரையும் கூப்பிடலை. மாற்று ஆள் வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் அந்த ஈரத்தோடவே நின்றாள், காக்கித்துணி விறைத்துப்போய்த் தொடையை அறுத்தது. பத்து மணிக்கு வந்த வயசான ஹவில்தார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னோட முதல் குளிர்காலத்துல நான் ஒரு கன்னுக்குட்டியைச் சுட்டுட்டேன் மகளே, போ, போய் வெந்நீர் வெச்சுக் குளி, என்றார். இவ்வளவையும் சேர்த்துத்தானே இவனிடம் சொன்னாள்? அந்த நாலு மணி நேரத்தையும் சொன்னாள், கன்னுக்குட்டியையும் சொன்னாள். மானோடு நிறுத்திவிட்டான். எங்கே நிறுத்தினால் கைதட்டு விழும் என்பது அவனுக்கு அத்துப்படி.

அம்மாவிடம் சொன்னதில்லை, அங்கே பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை, ஹவில்தாருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம், அவரும் ரிட்டையராகி ஊருக்குப் போய்விட்டார். பத்து நாளைக்கு முன்னாடி, அமாவாசை, அத்தை அஞ்சம்மாள் மேல்மலையனூருக்குப் போயிருந்தாள், வீட்டில் இவங்க ரெண்டு பேர்தான், மத்தியானம் வறுத்த மல்லாட்டைக் கடலையை உரிச்சுக்கினு உட்கார்ந்திருந்தாங்க. புதுசாக ஒரு காவல் நிலை போடுகிறார்கள் மாமா, பொம்பளைங்க மட்டும், அந்தப் பக்கத்திலிருந்து சுடுகிற இடம், பதிலுக்குச் சுட வேண்டிய இடம், விருப்பம் இருக்கிறவங்க பேர் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை... கொடுக்கட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எனக்குப் பயமா இருக்குது என்றாள். உனக்கா, ஏன் என்றான். அப்போதுதான் சொன்னாள், ஒன்று விடாமல், முகத்தைப் பார்க்காமல் தொலியைப் பார்த்துக்கினு சொன்னாள். உரிச்ச மல்லாட்டையை அவள் உள்ளங்கையில் கொட்டி விரலை மூடினான். "இதுக்கா இத்தினி நாளு வாயை மூடிக்கினு இருந்தே? பேர் குடு கலை. நான் இருக்கேன்ல" என்றான். அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கின தூக்கம் ஏழு வருஷத்தில் தூங்காத தூக்கம்.

வேற யாராவது சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பாள். இவன் அத்தை மகன், சின்ன வயசிலிருந்து தெரிஞ்சவன், இவன் இல்லையென்றால் அவள் எல்லையையே பார்த்திருக்க மாட்டாள். மயிலத்துக்குப் பக்கத்தில் அவங்க ஊரில் பொட்டப்புள்ளையைத் துப்பாக்கி தூக்க அனுப்புறதா என்று அப்பா நடராசன் குதித்தபோது எதிரில் நின்று பேசினவன் இவன்தான், கொல்லையில பாம்பு வந்தப்போ உங்க புள்ளை மரத்துல ஏறினான், அடிச்சவ இவதானே மாமா, என்று கேட்டான், வேடிக்கை பார்க்க நின்ற தெருவே சிரித்தது, அப்பாவும் சிரித்துவிட்டார், சரி போகட்டும் என்றார். மயிலம் மலைப் படிக்கட்டில் அவள் ஏறி இறங்க இவன் கீழே நின்று போனில் நேரம் பார்ப்பான், ஜல்தி கலை ஜல்தி, என்று கத்துவான், சாமி கும்பிட வர்றவங்க எல்லாம் இது இன்னா கூத்து என்று நின்று பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுட்டு வரட்டும், ஒரு புள்ளையைப் பெத்துக்கட்டும் என்ற அத்தையை வாயடைத்தவனும் இவன்தான். இவன் வாய்தான் அனுப்பிச்சுது. நல்ல வாய்தான், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது, மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள், கோயில் மாலையும் பையுமாக நாலு பேர் ஏறினார்கள், அந்த இரைச்சலில் கேட்டுவிட்டாள், கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். "அதை ஏன் மாமா அங்க சொன்னீங்க?"

"எதை?"

"மானை."

மெட்டு நின்றது. "பேரு சொல்லலியே கலை" என்றான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் போய். "யாருக்குத் தெரியும் அது நீன்னு? குடுத்த அணிக்கு வலு சேக்கணும்ல. கீழ எறங்கனப்புறம் நடுவரே சொன்னாரு, வெற்றி, இன்னைக்கு உன் உதாரணம்தான்யா நின்னுச்சுன்னு."

"எல்லாரும் திரும்பி என்னைத்தான் பாத்தாங்க."

"நீ எல்லையில இருக்கறவ, அதான் பாத்தாங்க. இன்னா இப்போ, தீர்ப்பு உங்க பக்கம்தானே வந்துச்சு?"

வந்தது, அதுவும் உண்மைதான், போர்முனையில் பெண்கள் பெருமையே பெருமையே என்று நடுவர் ரெண்டு தடவை சொல்லி முடித்தார், எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள், அந்தச் சத்தத்தில் அவளும் தட்டியிருப்பாள் போல, உள்ளங்கை எரிந்தது. அவ பக்கம் ஜெயிச்சுது. ஜெயிச்சு இன்னா ஆச்சு, சாப்பாட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்த ரெண்டு வாத்தியாரம்மா அவளைப் பார்ப்பதும் இலையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள், ஒருத்தி வடையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பொம்பளைங்க போகலாமா கூடாதா என்று இவங்க எல்லாம் சேர்ந்து ஒரு மத்தியானத்தில் முடிவு பண்ணிட்டாங்க, அவள் இந்த ஏழு வருஷமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறாள், அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? எழுந்து நில்லுங்கம்மா என்றார்கள், உட்காருங்கம்மா என்றார்கள். பயந்தது தப்பா? பயந்தா போகக் கூடாதா? கன்னுக்குட்டியைச் சுட்ட ஹவில்தாரை முப்பது வருஷம் வைத்திருந்தார்களே, அவரை வைத்து யாரும் பட்டிமன்றம் நடத்தலையே. இதையெல்லாம் அங்கேயே எழுந்து கேட்டிருக்கணும். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு எழுந்து கேட்க வாய் வரலை, அன்றைக்குப் பனியில் வராத மாதிரியே வரலை.

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள், இரண்டாம் வருஷமாம், மரக்காணம் பக்கம், அப்பா கடலுக்குப் போகிறவராம், கலைப்பிரியாவும் அவளும் ஒரே குழாயில் கை நீட்டினார்கள். "அக்கா, நானும் அப்ளை பண்ணப் போறேன்க்கா" என்றாள், மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "சார் சொன்னாரே ஒரு அக்கா, அவங்க இன்னும் இருக்காங்களா, வேலையை விட்டுட்டாங்களா?" நிஜமாகவே தெரியாமல் கேட்டாளா, தெரிஞ்சு தெரியாத மாதிரி கேட்டாளா, முகத்தைப் பார்த்தால் தெரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. இருக்காங்க, என்றாள் கலைப்பிரியா, அங்கதான் நிக்கிறாங்க. அந்தப் பெண் தலையாட்டினாள், இன்னும் ஏதோ கேட்க வந்தாள், அதற்குள் இவன் பந்தியிலிருந்து கலை கலை என்று கூப்பிட்டுவிட்டான். நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். சொல்லலையே... அது நானில்லை என்றும் சொல்லலை, நான் என்றும் சொல்லலை, அவனைப் போலவே அவளும் யாரோ ஒரு அக்கா என்று பேசிவிட்டு வந்தாள். அந்தப் பெண் அப்ளை பண்ணுவாளா?

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை, பஸ் நகர்ந்து நின்று நகர்ந்தது, மணி நாலு பத்து. இவன் போன் அடித்தது, பஸ் சத்தத்தில் காதில் கேட்காது என்று எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டான். "வெற்றி சார், ராஜசேகர் பேசறேன். பிரின்சிபாலுக்கு ஒரே சந்தோஷம் சார். பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணி, பெருமை அணி வேணாம், என்னை அந்தப் பக்கம் மாத்திப் போடுங்கன்னு கேட்டீங்க பாருங்க, நான்கூட தயங்கினேன், வீட்டுக்காரம்மா அங்க வேலையில இருக்கச்சே இவரு ஏன் இப்படி கேக்கறாருன்னு. இப்பதான் புரியுது. அடுத்த மாசம் மேல்மலையனூர்ல இதே டீம், இதே தலைப்பு, அந்த மான் கதையை மட்டும் விட்டுடாதீங்க சார்..." இவன் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டான், ஆகட்டும் சார் என்றான், அப்புறம் பேசறேன் சார் என்றான், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் கூடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே கூட நடந்து வந்தாள், வேணாம் என்று தலையாட்டினாள் கலைப்பிரியா.

பத்து நாளைக்கு முன்னாடி. அப்படியென்றால் அன்றைக்கே. அவள் தூங்கிக்கொண்டிருந்தாளே, அந்தத் தூக்கத்தில், மல்லாட்டைத் தொலியைப் பெருக்கிக்கூடத் தள்ளாமல் எழுந்து வெளியே போய்ப் பேசியிருக்கிறான், இன்னா சார், என்னை அந்தப் பக்கம் மாத்துங்க... குடுத்த அணியாம் குடுத்த அணி, துரோகி, கேட்டு வாங்கின அணி. "கலை, அது வந்து..." என்று ஆரம்பித்தான், "பெருமை அணியில எல்லாரும் ஒரே பாயிண்டத்தான் பேசுவாங்க, அரைச்ச மாவு, கூட்டம் எழுந்து போய்டும். இது புதுசு, யார்கிட்டயும் இல்லாத சரக்கு. மத்தபடி ஒன்னுமில்லை." முகத்தைப் பார்த்தாள். மலைப்படிக்கட்டுக்குக் கீழே நின்று நேரம் பார்த்த அதே முகம், ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் தாங்க முடியலை. சரக்குக்காகத்தான் மாறினானா? இல்லை, நிஜமாகவே அவள் போகக் கூடாது என்று மனசு மாறி, அதை நேரில் சொல்லத் துப்பில்லாமல் மைக்கில் சொன்னானா? போகாதே கலை, என்னால தனியா இருக்க முடியலை, என்று ஒரு வார்த்தை அந்த மத்தியானம் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாளோ என்னவோ, பேர் கொடுக்காமல்கூட விட்டிருப்பாள். சொன்னது பேர் குடு. பண்ணினது இது. எது இவன்? அப்படிப் பார்த்தால் அன்றைக்கு அப்பாவோடு மல்லுக்கு நின்றானே, பாம்பு, மரம், தெருவே சிரித்தது... அதுவும் சரக்குதானா? அன்றைக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் நின்று பேசியிருப்பானா? ஏழு வருஷமாக எதன் மேல் காலை வைத்து நின்றுகொண்டிருந்தேன் என்று யோசித்தாள், யோசிக்க யோசிக்க அன்றைக்கு அப்பா சிரித்த சிரிப்புதான் ஞாபகம் வந்தது, அப்பாவுக்கு இன்றைக்கு வரைக்கும் மருமகன் என்றால் உயிர்.

போனை எடுத்தாள். நாலு இருபத்தைந்து. கிளார்க்குக்கு இந்தியில், இங்கிலீஷ் எழுத்தில், என் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். இது வீரமா, ரோஷமா? இவன் மூஞ்சியில் அடிக்கிறதுக்காகப் போய்க் குண்டுக்கு முன்னாடி நிற்கிறதா, அப்படிப் போனால் அதுவும் யாருக்கோ வலு சேர்க்கிற பேச்சுதானே... இல்லை, பத்து நாளைக்கு முன்னாடியே மனசு போயிட்டுதான் இருந்தது, பயந்துக்கினேதான் போச்சு, அது இவனுக்காக இல்லை. இதை இவனிடமிருந்து பிரிச்சு எடுக்கணும், எப்படிப் பிரிக்கிறது என்று தெரியலை, நேரமும் இல்லை. அனுப்பினாள். ரெண்டு டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் நீலமானது, கிளார்க் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.

பஸ் விழுப்புரத்துக்குள் நுழைந்தது, ஆட்டோ, லாரி, கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஏதோ ஊர்வலம், டிரைவர் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. நிஜமாகவே சுடுவார்களே என்று இப்போதுதான் முதன்முதலாகப் புரிந்தது போல இருந்தது. தன்னையறியாமல் அவன் பக்கம் திரும்பினாள். "மாமா..."

"இன்னா கலை?" போனிலிருந்து நிமிர்ந்தான், முகமெல்லாம் கவலையாக, கேட்கத் தயாராக, அந்த முகத்துக்கு எத்தனை நல்ல காது... சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வான், கட்டாயம் பிடித்துக்கொள்வான்.

"ஒன்னுமில்லை" என்றாள். கடைசி ஸ்டாப் எல்லாரும் எறங்குங்க என்று கண்டக்டர் சத்தம் போட்டார், அவன் பொன்னாடைகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் எழுந்திருக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள், எனக்குப் பயமா இருக்குது என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள், இவனைத் தவிர ஒருத்தரையும் அவள் சேர்த்து வைத்திருக்கவில்லை.